மெசினைக் கிணற்றுக்குள் இறக்குவதை நிறுத்துவோம்

சென்ற ஆண்டு ஆவணி மாதம், திருகோணமலை மாவட்டத்தில் திரியாய்ப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டக் கிணற்றில் என் சின்னண்ணா மயிரிழையில் உயிர் தப்பினார். இத்தனை நாள் இதை எழுதாமல் இருந்ததற்குக் காரணம், நினைத்தாலே கை நடுங்குகிறது என்பதுதான். ஆனால் இந்தக் கோடையிலும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் மெசினைக் கிணற்றுக்குள் இறக்கிவைத்து இறைப்பதைப் பார்த்த பிறகு, பேசாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றுகிறது.

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் விறுவிறுவென்று இறங்கிவிடும். நிலத்தின் மேல் வைத்த நீர்ப்பம்பியால் ஏறக்குறைய 7 மீற்றர் ஆழத்துக்குக் கீழே இருந்து நீரை உறிஞ்ச இயலாது. கணக்கின்படி வளிமண்டல அமுக்கம் 10 மீற்றர் சொச்சம் நீரைத் தாங்கும் என்றாலும், நடைமுறையில் அந்த அளவு கிடைப்பதில்லை. ஆகவே கிணற்றின் பாதியில் பலகை போட்டு, மெசினைக் கயிற்றில் கட்டி இறக்கி, பெற்றோலில் இயக்கி, மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டு மேலே வருவது எங்கள் ஊரில் வழமையாகிவிட்டது. நாங்களும் இரண்டு கோடைகளாக அப்படித்தான் செய்தோம். பலகைக்கு மேலே, கிணற்றுச் சுவரில், புகை படிந்த கரும் வட்டம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதை நாங்கள் எல்லோரும் நாள்தோறும் பார்த்தோம். அதே புகையைத்தான் உள்ளே இறங்குபவர் சுவாசிக்கிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று மெசின் இரண்டு மணித்தியாலம் ஓடி, எண்ணெய் தீர்ந்து நின்றது. சின்னண்ணா மண்ணெண்ணெய்க் கானுடன் இறங்கினார். சிறிது நேரத்தில் கான் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. கூப்பிட்டோம், பதில் இல்லை. பத்தொன்பது வயதான என் பெறாமகன், செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு காலைக் கிணற்றுக் கட்டுக்கு மேலே போட்டுவிட்டான். அப்பா ஓடிவந்து அவனுடைய சாரத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, "நில்லடா! நீயும் விழுந்தா ஆர் தூக்கிறது?" என்று கத்தினார். அவன் அழுதுகொண்டே திமிறினான். உள்ளே கிடப்பது அவனைப் பெற்றவர் அல்லவா? மெசினை இறக்கும் நைலோன் கயிற்றைச் சின்னண்ணா வேறு எதற்காகவோ அன்று இடுப்பில் சுற்றி முடிந்திருந்தார். அந்தக் கயிற்றைப் பிடித்து நான்கு பேர் இழுத்து அவரை மேலே கொண்டுவந்தோம். இரண்டு நாள் வைத்தியசாலையில் ஒட்சிசன் கொடுத்த பிறகு வீட்டுக்கு வந்தார். முடிச்சு இல்லாதிருந்தால் அன்று ஒரே வீட்டில் இரண்டு சாவு விழுந்திருக்கும்.

எல்லோரும் "கிணற்றில் காஸ் இருந்தது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். மெசின் புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் சேர்வதால், நுரையீரல் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே உடல் மூச்சின்றித் தவிக்கிறது. தலை கனக்கும், கால் சோரும். ஏறவேண்டும் என்று எண்ணும்போது கால் ஏறாது. கச்சான் மேலே எவ்வளவுதான் சுழன்றடித்தாலும் முப்பதடிக் கிணற்றின் நடுவில் ஓர் இலைகூட அசையாது என்பதால், மெசின் நின்ற பிறகும் அந்த வாயு அங்கேயே தங்கிவிடுகிறது.

விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறையைப் பலரும் இன்னும் நம்புகிறார்கள். பெரியவர்களின் அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீண்டநாள் பாவிக்காத, இலைகுழை அழுகிய கிணற்றில் ஒட்சிசன் குறைந்திருந்தால் விளக்கு அணைந்து எச்சரிக்கும். இயல்பான காற்றில் 20.9 சதவீதமாக இருக்கும் ஒட்சிசன், ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இறங்கும்போது சுடர் அணைகிறது. ஆனால் காபனோரொட்சைட்டு காற்றில் வெறும் 0.12 சதவீதம் இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கிறார்கள். அந்தக் காற்றில் விளக்கு வழமைபோல எரியும். விளக்கு எரிகிறது என்று நம்பி இறங்கியவருக்கு அதுவே எமனாகிறது. உள்ளே தீப்பற்றும் மெதேன் வாயு சேர்ந்திருந்தால் விளக்கே வெடிப்புக்கும் காரணமாகலாம்.

இது கிணற்றோடு முடிகிற விடயமும் அல்ல. அரிசி ஆலைகளில் நெல் ஊறவைக்கும் ஆழமான தொட்டி, மாட்டுப்பட்டிகளின் சாணக்குழி, உயிர்வாயுத் தொட்டி எல்லாம் இதே வகையில் அடைபட்ட இடங்கள்தான். சாணக்குழியைக் கலக்கும்போது எழும் ஐதரசன் சல்பைட்டு முதலில் அழுகிய முட்டை போல மணக்கும். செறிவு கூடினால் மணமறியும் நரம்பே மரத்துப்போவதால், மணம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்து இறங்குகிறார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரக் கிணறுகளையும், 2006 இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது பாழடைந்து கிடந்த கிணறுகளையும் இறைத்துத் துப்புரவாக்கிய மாவட்டம் இது. கிணற்றுக்குள் இறங்குவது எங்களுக்குப் புதிய வேலையே அல்ல. அதனால்தான் பயமும் விட்டுப்போயிற்று என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம் 1986 இல் வெளியிட்ட எச்சரிக்கையில், அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மற்றவரைக் காப்பாற்றப் போனவர்கள் என்று குறிப்பிட்டிருக்கிறது. அதை வாசித்தபோது கிணற்றுக் கட்டில் ஒரு கால் போட்டிருந்த என் பெறாமகன்தான் கண்முன் வந்தான். பாசம் உள்ளவன்தான் முதலில் குதிப்பான். அந்த வேளையில் அவனுக்குப் புத்தி சொல்ல முடியாது. எனவே முதலாமவர் இறங்கும் முன்பே, அவரை ஒருவரும் உள்ளே இறங்காமல் மேலே எடுப்பதற்கு வழி செய்திருக்க வேண்டும். இறங்குபவரின் மார்பிலும் தொடையிலும் பட்டி, அதில் கயிறு, மேலே அவரை இழுக்கப் போதிய ஆட்கள், பாரம் தாங்கும் குறுக்குமரத்தில் கப்பி. வாளிக்காகப் போட்ட கப்பியும் உக்கிய மரமும் ஓர் ஆளைத் தாங்காது. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் உடனே இழுக்கவேண்டும். 1990 அம்புலன்ஸ் சேவைக்கும் 110 தீயணைப்புச் சேவைக்கும் அழைப்பெடுக்க வேண்டும்.

ஆனால் கயிறு இரண்டாவது காவல்தான். எரிபொருளில் ஓடும் மெசின் கிணற்றுக்குள் போகவே கூடாது. புகைக்குழாயை நீட்டி மேலே விட்டால் போதும் என்று சிலர் சொல்வது சரியல்ல, ஏனெனில் மூட்டுகள் கசியும். நீரில் மூழ்கும் மின்பம்பிக்குக் காசு வேண்டும், மின்னிணைப்பு வேண்டும் என்பதை நானும் அறிவேன். வெங்காயம் விலைப்படாத ஆண்டில் அது எவ்வளவு பெரிய செலவு என்பதையும் அறிவேன். அதனால்தான் இதைக் கமக்காரரின் கவனக்குறைவு என்று தட்டிக்கழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இலங்கையின் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் ஆபத்தான வாயு உள்ள இடங்களுக்கான ஏற்பாடு இருக்கிறது, ஆனால் தோட்டக் கிணறு தொழிற்சாலை அல்ல. அடைபட்ட இடங்களுக்கான அமெரிக்காவின் 1993 ஆம் ஆண்டு விதியும் விவசாயத்தை விலக்கியே வைத்திருக்கிறது. உணவு விளைவிப்பவனின் மூச்சு இந்தச் சட்டங்களில் அகப்படாமல் போவது எனக்கு ஆறாத வருத்தம்.

கமநல சேவை நிலையம் ஒவ்வொன்றிலும் ஒட்சிசன், காபனோரொட்சைட்டு, ஐதரசன் சல்பைட்டு, தீப்பற்றும் வாயு ஆகிய நான்கையும் அளக்கும் கருவி ஒன்றும், காற்றூதியும் குழாயும், உடற்பட்டியும் கயிறும் இரவலுக்கு இருக்க வேண்டும். கிணற்றை மின்பம்பிக்கு மாற்றுபவருக்கு மானியம் வேண்டும். வருகிற சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில், நீர் திறக்கும் திகதியைப் பேசும் அதே மேசையில், இதை எழுத்தில் கொடுக்க எங்கள் கமக்கார அமைப்பு முடிவுசெய்திருக்கிறது. மற்ற அமைப்புகளின் செயலாளர்கள் தங்கள் கூட்டத்திலும் இதை வைக்க விரும்பினால் எனக்குத் தெரிவியுங்கள். கடிதத்தின் பிரதியை அனுப்பிவைக்கிறேன்.