குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவனை எந்த நாளில் தண்டிப்பது?

குடித்துவிட்டு ஒருவன் வண்டியை ஏற்றி யாராவது செத்துப்போனால் அன்றைக்கு முகநூல் முழுக்க ஒரே பேச்சுதான். தூக்கில் போடு, நடுரோட்டில் நிற்க வைத்துச் சுடு, ஆயுளுக்கும் உள்ளே தள்ளு. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் காவிரி டெல்டாவில் பிறந்து ஆற்றங்கரை ரோட்டில் தினமும் வண்டி ஓட்டுகிறவன் என்கிற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். உயிர் போன பிறகு கொடுக்கிற தண்டனையைப் பற்றியே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அவன் இதற்கு முன்னால் எத்தனையோ ராத்திரி இதே போதையில் இதே ரோட்டில் வீடு போய்ச் சேர்ந்திருப்பான். அந்த ராத்திரிகளில் அவனை யாரும் தொடவில்லை. தொட்டிருந்தால் அந்த உயிர் இன்றைக்கு இருந்திருக்கும். போதையில் சாவியைத் திருகிய முதல் நாளிலேயே அவனுக்குத் தண்டனை விழ வேண்டும், அது தப்பாமல் விழ வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

எங்கள் ரோடு எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை நான்கு மாவட்டத்திலும் ஊரையும் ஊரையும் இணைப்பது பெரும்பாலும் ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையும்தான். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று எந்தக் கரையில் போனாலும் ஒரு பஸ் போகிற அகலத்துக்குத்தான் தார் போட்டிருக்கும். ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் பள்ளத்தில் வயல். தெருவிளக்கு ஊர் முடிகிற இடத்தோடு முடிந்துவிடும். தை, மாசியில் சம்பா அறுப்பு நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருப்பார்கள், ராத்திரி காவலுக்கு அங்கேயே ஆள் படுத்திருக்கும். கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் லாரி வரிசை கட்டி நிற்கும். ஆவணி வந்துவிட்டால் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்கள், கைக்குழந்தையோடு, ராத்திரி பகல் பார்க்காமல் ரோட்டோரம் போய்க்கொண்டே இருப்பார்கள். நிதானத்தில் இருப்பவனே ஜாக்கிரதையாக ஓட்ட வேண்டிய ரோடு இது.

"ஒரு கட்டிங்தான் போட்டேன், ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்று சொல்லாத ஆளே கிடையாது. சரி, கணக்குப் பார்ப்போம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி குற்றம். இங்கே விற்கிற பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். குவார்ட்டரில் பாதியை, அதாவது 90 மில்லியை, 65 கிலோ எடையுள்ள ஒருவர் வெறும் வயிற்றில் குடித்தால் ரத்தத்தில் சுமாராக 60, 70 மில்லிகிராம் ஏறும். ஒரு கட்டிங்கிலேயே எல்லையைப் போல இரண்டு மடங்கு, முழுக் குவார்ட்டர் என்றால் நான்கு மடங்கு. கால் தள்ளாடவில்லை என்பதெல்லாம் ஒரு அத்தாட்சியே இல்லை. எதிரில் வருகிற வண்டியின் தூரத்தைக் கண் தப்பாக எடை போடும், பிரேக்குக்குக் கால் போகத் தாமதமாகும், இரண்டும் ஓட்டுகிறவனுக்குத் தெரியாது.

எங்களுக்குப் பக்கத்து ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். நடவு முடிந்து கரை ரோட்டில் வந்துகொண்டிருந்த ஒரு அம்மாவை பின்னாலிருந்து பைக் அடித்துத் தூக்கிவிட்டது. மத்தியானம் மூன்று மணிகூட இருக்காது. மதுக்கடை திறப்பதே 12 மணிக்குத்தான், அதற்குள் அவனுக்கு வாய் குழறியது. ஆஸ்பத்திரி பிணவறைக்கு வெளியே, டூவீலர் நிறுத்துகிற தகரக் கொட்டகைக்குக் கீழே, போஸ்ட்மார்ட்டம் முடிவதற்கு முன்பே பேச்சுவார்த்தை ஆரம்பமாகிவிட்டது. அந்தம்மாவின் தூக்குவாளியை மகன் கையில் பிடித்துக்கொண்டு நின்றான், மூடி நசுங்கித் திறக்க முடியாமல் இருந்தது. அவன் அப்பாவிடம் எதிர்த்தரப்பு ஆள் பேசினார். "பாருங்கண்ணே, ஆனது ஆயிப்போச்சு. அந்தப் பையனுக்கும் ரெண்டு பொட்டப்புள்ள இருக்கு. கேஸு கோர்ட்டுன்னு அலைஞ்சா ஒங்களுக்குக் கூலி நாளுதான் போவும்." அவர் தலையை மட்டும் ஆட்டினார். எதற்கு ஆட்டுகிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது, அந்த நிலையில் இருந்தார். எஃப்.ஐ.ஆரில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்று இருந்தது, மது என்ற சொல்லே இல்லை. ரத்தம் எடுக்கவே இல்லை. அடித்தவன் கால் சிராய்ப்புக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டான். வண்டிக்கு இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அந்த ரத்தம் எடுக்காமல் விட்டதில்தான் எல்லாமே போகிறது. ஒருவர் உடம்பு 100 மில்லி ரத்தத்தில் இருக்கிற ஆல்கஹாலை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் குறைத்துக்கொண்டே வரும். இரண்டு கட்டிங் போட்டவன் ராத்திரி முழுக்க எங்காவது படுத்துவிட்டுக் காலையில் வந்து நின்றால் அவன் ரத்தம் சுத்தம். 185இல் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் பரிசோதனை முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் ஆளை விட்டுவிட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நேரம் அவ்வளவு முக்கியம் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் கிராமத்து ரோட்டில் விபத்து நடந்து, 108 வந்து, ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து, எந்த ஸ்டேஷன் எல்லை என்று பேசி முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

ரத்த ரிப்போர்ட் இல்லையென்றால் குடித்திருந்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லையென்றால் வழக்கு பாரதிய நியாய சன்ஹிதா 106(1)இல், அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததாகத்தான் போகும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ-வில் அதிகபட்சம் 2 வருஷம், 2024 ஜூலை 1 முதல் அது 5 வருஷம். கூட்டியது நல்லதுதான். ஆனால் இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம், ஸ்டேஷனிலேயே ஜாமீன் வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். அடிபட்ட வீட்டில் உடம்பு வந்து சேர்வதற்குள் அடித்தவன் வீடு திரும்பிவிடுகிறான். இதைப் பார்த்த எந்தக் குடும்பத்துக்குக் கோர்ட்டின் மேல் நம்பிக்கை வரும்?

போதையில் ஓட்டினால் ஆள் சாகும் என்று தெரிந்தேதான் ஓட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டால் அது அதே சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, கொலையாகாத மரணம் விளைவித்தல். 10 வருஷம் வரை தண்டனை, ஜாமீன் சுலபமில்லை, செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை. இப்படிச் செய்ய முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2012லேயே சொல்லிவிட்டது. மும்பையில் 2006 நவம்பரில் நடைபாதையில் படுத்திருந்த 7 தொழிலாளிகள் செத்த அலிஸ்டர் பெரேரா வழக்கில் கீழ்க்கோர்ட் கொடுத்தது வெறும் 6 மாதம். உயர் நீதிமன்றம் அதைக் கொலையாகாத மரணமாக எடுத்து 3 வருஷமாக்கியது, உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 7 உயிருக்கு 3 வருஷம் போதுமா என்றால் போதாது, ஆனால் வழி திறந்துவிட்டது. அந்த வழியில் நம் ஊர் வழக்குகள் போகாததற்குக் காரணம் மறுபடியும் அதே ரத்தம்தான்.

அரசாங்கக் கணக்கைப் பாருங்கள். 2022இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் குடிபோதையால் என்று எழுதப்பட்டது நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. ஒரு சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரத்தநாடு ரோட்டிலோ மன்னார்குடி ரோட்டிலோ போய் நின்று பார்த்த யாரும் இதை நம்ப மாட்டார்கள். சோதிக்காத குடி கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாததற்குத் திட்டமும் போட மாட்டார்கள்.

காரைக்கால் விஷயம் தனி. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது என்பதால் சரக்கு விலை குறைவு, நாகையிலிருந்தும் பொறையாறு பக்கத்திலிருந்தும் வண்டி போட்டுக்கொண்டு போய்க் குடித்துவிட்டு வருவது இங்கே ஊரறிந்த வழக்கம். எல்லையில் இருக்கிற வாஞ்சூர் என்றாலே எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். திரும்பும்போது எல்லையில் வண்டியை நிறுத்துகிறார்கள், சீட்டைத் தூக்கச் சொல்கிறார்கள், டேங்க் கவரைத் தடவிப் பார்க்கிறார்கள். பாட்டில் கடத்துகிறானா என்று பார்க்க வேண்டியதுதான், அது வரி சம்பந்தப்பட்டது. ஆனால் அந்தப் பாட்டிலைக் குடித்து முடித்துவிட்டுக் கண் சிவந்து வருகிறவனை ஊதச் சொல்லாமல் அனுப்புவதை நானே நின்று பார்த்திருக்கிறேன். வண்டியை நிறுத்தியாகிவிட்டது, ஆள் எதிரில் நிற்கிறான், மிஷினை வாயில் வைக்க ஒரு நிமிஷம் ஆகுமா?

2016 டிசம்பரில் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான். நல்ல தீர்ப்பு. ஆனால் எங்கள் பக்கம் மெயின்ரோட்டுக் கடை உள்ளே தள்ளி வயல் நடுவே போனது, குடித்தவர்கள் கரை ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். கடையை எங்கே வைத்தாலும் வாசலில் இருபது முப்பது பைக் நிற்கிறதே, அத்தனையும் திரும்ப ஓட்டப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும். அரசாங்கமே விற்றுவிட்டு அரசாங்கமே பிடிக்கிறதே, இது என்ன நியாயம் என்று கேட்கிறவர்களோடு நான் சண்டை போட மாட்டேன், அந்தக் கேள்வி சரி. ஆனால் அதைக் காட்டிச் சாவியைக் கையில் எடுத்தவன் தப்பிக்கக் கூடாது. குடித்தது அவன் இஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம், நடவு முடிந்து நடந்து வந்த அந்தம்மா என்ன குடித்தார்?

இன்னொன்று, ஓடுகிறவனுக்கு லாபம் என்கிற நிலைமை. அடித்துவிட்டு அங்கேயே நின்றால் ஊதச் சொல்வார்கள், ஓடிவிட்டால் மறுநாள் போதை இல்லாத மனிதனாக வக்கீலோடு வரலாம். இதை அடைக்கத்தான் 106(2) எழுதினார்கள், போலீசுக்குத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 வருஷம் வரை. 2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் அதை மட்டும் அமலுக்குக் கொண்டுவராமல் நிறுத்தி வைத்துவிட்டார்கள். நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்று டிரைவர்கள் பயந்ததில் அர்த்தம் இருக்கிறது, நம் ஊரில் அது நடக்கக்கூடியதுதான். அப்படியானால் அந்த இடத்தில் நிற்க வேண்டாம், நேராக அடுத்த ஸ்டேஷனுக்குப் போகட்டும், 112க்குப் போன் போடட்டும், அது போதும் என்று தெளிவாக எழுதிவிட்டு அந்தப் பிரிவைக் கொண்டுவர வேண்டும்.

தூக்கு கேட்பவர்களிடம் நான் முரண்படுவது இங்கேதான். தண்டனை பெரிதாகப் பெரிதாக ஓடுவதற்கும் சாட்சியை விலைக்கு வாங்குவதற்கும் காரணம் கூடும். சட்டப்படி மரண வழக்கில் சமரசம் செய்துகொள்ளவே முடியாது, ஆனால் கண்ணால் பார்த்தவன் கோர்ட்டில் ஏறி "நான் அப்போ அங்க இல்லீங்க" என்று சொல்லிவிட்டால் வழக்கு அதோடு செத்தது. டெல்டா கிராமங்களில் இரண்டு தரப்பும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள், ஒரே கோயிலுக்கு வரி கட்டுகிறவர்கள். பத்து வருஷம் கழித்து வருகிற தீர்ப்புக்காக யார் பகைத்துக்கொள்வார்கள்?

அதனால் நான் கேட்பது சின்னது, ஆனால் கண்டிப்பானது. முதல் தடவை ஊதிப் பிடிபட்டால் லைசென்ஸ் ஒரு வருஷம் கிடையாது. லைசென்ஸைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டம் 206ஆம் பிரிவில் போலீசுக்கு இப்போதே இருக்கிறது, அதை எம்.எல்.ஏ. போன் வந்தாலும் வராவிட்டாலும் பயன்படுத்த வேண்டும். 2019 திருத்தத்தில் அபராதம் 10,000 ரூபாய், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் என்று ஆகிவிட்டது. பணத்தைக் கடன் வாங்கியாவது கட்டிவிடுகிறான், அந்தக் கடனும் பொண்டாட்டி தலையில்தான் விழுகிறது. வண்டி இல்லாமல் ஒரு வருஷம் பஸ்ஸுக்கு நிற்பதுதான் அவனுக்கே விழுகிற தண்டனை. இரண்டாவது தடவை என்றால் லைசென்ஸ் நிரந்தரமாகப் போக வேண்டும், வண்டியும் போக வேண்டும். லோடு ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு இது வயிற்றில் அடிப்பது என்பார்கள். ஆமாம், வலிக்கும். ஓட்டுவதையே தொழிலாக வைத்திருக்கிறவன் மற்றவர்களைவிடக் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவன், அதனால் இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

அடுத்தது, ஆள் செத்த, கைகால் போன எந்த விபத்திலும் ஓட்டியவனுக்கு உடனே ரத்தப் பரிசோதனை, வாடை வருகிறதோ இல்லையோ. எடுக்காவிட்டால் ஏன் எடுக்கவில்லை என்று அந்த அதிகாரி எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். குடித்திருந்தது உறுதியானால் 105, வேறு பேச்சே இல்லை. குடித்தவனிடம் சாவியைக் கொடுத்தவனும், இவன் போதையில் இருக்கிறான் என்று தெரிந்தே பின்னால் ஏறி உட்கார்ந்தவனும் ஜப்பானில் 2007 முதல் குற்றவாளிகள், ஊற்றிக் கொடுத்த கடைக்காரரும் மாட்டுவார். இங்கேயும் பார் ஏலம் எடுத்தவருக்கு அந்தப் பொறுப்பு வந்தால், தள்ளாடுகிறவனை வாசலில் நிறுத்தி ஆட்டோ பிடித்துக் கொடுக்க அவரே ஆள் போடுவார்.

இதெல்லாம் சென்னையிலும் டெல்லியிலும் முடிவாக வேண்டியவை. ஊரில் முடிவெடுக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் எங்கள் ஊரில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். குடிபோதை விபத்தில் உயிர் போனால் தலைவரோ, நாட்டாமையோ, கட்சிக்காரரோ, நானோ, யாரும் நடுவில் நின்று தொகை பேசக் கூடாது. ஊரே சேர்ந்து ரத்தப் பரிசோதனை கேட்டு ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும். கூடவே, வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறவர்கள் போகிற ரோட்டில் ராத்திரி ஊதிப் பார்க்கும் சோதனை வேண்டும் என்று மாவட்ட எஸ்.பி.க்கு ஒரு மனு. உங்கள் ஊர் சபையிலும் இதைக் கேளுங்கள். வேளாங்கண்ணி கொடியேற்றம் ஆகஸ்ட் 29, நடுவில் இரண்டு வாரம் இருக்கிறது, மனு போய்ச் சேர்ந்து ஆள் போட அது போதும்.