எம் என்று எழுதிவிட்டால் மேனுவல் ஆகிவிடுமா?

பையில் போட்டுக்கொண்டு திரிய ஒரு சின்ன கேமரா வேண்டும். லென்ஸின் துளையான அபர்ச்சர், ஷட்டர் வேகம், வெளிச்சத்துக்கான உணர்திறனான ஐஎஸ்ஓ மூன்றையும் நானே திருகி வைக்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான். கடைக்காரத் தம்பி என் கையிலிருந்த போனைக் காட்டி, "இதுவே போதுமே அங்கிள்" என்கிறான். போதும் என்றால் எம்ஆர்டி ரயில் பிடித்து உன் கடைக்கு நான் ஏன் வரப்போகிறேன்?

தைப்பூச இரவில் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் நின்று பாருங்கள். பெருமாள் கோயிலிலிருந்து காவடி ஆடி வருகிறது. ஷட்டரை 1/15 நொடியில் மெதுவாக வைத்து, மயிலிறகு சுழல்வது சுழலாகவே படத்தில் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. போன் என்ன செய்கிறது? நாலைந்து படங்களை ஒட்டி, இருட்டைப் பகலாக்கி, ஆடும் இறகைச் சிலையாக நிறுத்திக் கொடுக்கிறது. யார் கேட்டது? தேக்கா பக்கம் விளக்கு அலங்காரம் எடுக்கப் போனால் வேறு தலைவலி. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைக்காவிட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அதை நான் வைக்காமல் யார் வைப்பது?

சரி, 'மேனுவல் மோட்' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டு விற்ற மலிவு காம்பாக்ட்டுகளுக்கு, அதாவது சின்ன கேமராக்களுக்கு, வருவோம். இதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. டயலை எம்முக்கு, அதாவது மேனுவலுக்கு, திருப்பினால் பலவற்றில் அபர்ச்சர் இரண்டே இரண்டு. எஃப்/3.2 மாதிரி பெரிய துளை ஒன்று, எஃப்/8 மாதிரி சின்னத் துளை ஒன்று, நடுவில் வெறும் காற்று. சிலவற்றில் அந்த இரண்டாவதுகூடப் பொய்! லென்ஸின் துளை சுருங்குவதே இல்லை. கறுப்புக் கண்ணாடி ஒன்று உள்ளே இறங்கி வெளிச்சத்தைக் குறைக்கிறது. துளை சுருங்கினால்தானே பின்னணி மங்கல் குறையும்? இதில் துளி மாற்றம் இருக்காது. இதற்கு மேனுவல் என்று பெயர். ஏட்டுச் சுரைக்காய்!

காசை அள்ளிக் கொடுத்தாலாவது கிடைக்குமா? சோனி ஆர்எக்ஸ்100-இன் ஏழாவது மாடலில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் உண்டு, 200 மில்லிமீட்டர் வரை ஜூம் உண்டு. ஆனால் மூன்று முதல் ஐந்து வரையிலான மாடல்களில் இருந்த, அதிக வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரைக் கழற்றிவிட்டார்கள். கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3-இல் அந்த ஃபில்டர் உண்டு, வியூஃபைண்டர் கிடையாது. நம் ஊர் மத்தியான வெயிலில் அந்தத் திரையில் என் சொட்டைதான் தெரியும். ரிக்கோ ஜிஆர் 3 கைக்கு அடக்கம்தான். ஜூம் இல்லை, வியூஃபைண்டர் இல்லை, ஃபிளாஷும் இல்லை. ஃபியூஜி எக்ஸ்100-இன் ஆறாவது மாடலில் எல்லாம் விரல் நுனியில். விலை இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல். 2024-இல் வந்ததும் உலகமே அதற்கு வரிசை கட்டியது.

இத்தனைக்கும் இது செய்ய முடியாத காரியமில்லை. பானாசோனிக் 2014-இலேயே எல்எக்ஸ்100 என்று செய்து காட்டியது. லென்ஸில் அபர்ச்சர் வளையம், தலையில் ஷட்டர் டயல், வியூஃபைண்டர், எஃப்/1.7 லென்ஸ். கொஞ்சம் தடிமன்தான், பொறுத்துக்கொள்ளலாம். 2018-இல் இரண்டாவது மாடல் போட்டார்கள், அப்புறம் அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். 2024-இல் லைக்கா டி-லக்ஸ் 8 வந்தது, அதே எஃப்/1.7 வெளிச்சம், அதே டயல்கள், கூடவே லைக்காவின் சின்னமான சிவப்புப் பொட்டு. விலையும் பொட்டுக்கேற்ற மாதிரி.

பழையதையாவது வாங்கலாம் என்று செயலியில் தேடினேன். ஒருவர் எல்எக்ஸ்100 வைத்திருந்தார். சென்சாரில் தூசி, லென்ஸுக்குள் பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில் டிராயருக்குள் போட்டு வைத்தால் வேறென்ன ஆகும்! விலையைக் கொஞ்சம் குறையுங்கள் என்றேன். "இப்போது பழைய கேமராதான் டிரெண்ட் அண்ணா, குறைக்க முடியாது. இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், சீக்கிரம் சொல்லுங்கள்" என்று பதில் வந்தது.