அப்விண்ட் என்றால் எங்கே?

இன்று காலையும் அதே கதைதான். பெங்களூரு மூடுபனி விலகியதும் சர்க்யூட்டில், அதாவது ஓடுதளத்தைச் சுற்றிப் பறக்கும் செவ்வகப் பாதையில், மூன்று செஸ்னா சிறு விமானங்கள். நான் டவுன்விண்டில் (ஓடுதளத்துக்கு இணையாக, தரையிறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் பகுதி), 1000 அடியில், இடது இறக்கைக்குக் கீழே ஓடுதளம். ரேடியோவில் ஒரு விமானியின் குரல், தான் இருக்கும் இடம் 'அப்விண்ட்' என்கிறது. எங்கே இருக்கிறீர்கள் சார்? இப்போதுதான் தரையை விட்டுக் கிளம்பி நேர்க்கோட்டில் ஏறுகிறீர்களா, இல்லை சர்க்யூட்டில் சேர வந்து ஓடுதளத்துக்கு இணையாகத் தள்ளி, தரையிறங்கும் திசையில் பறக்கிறீர்களா? அமெரிக்காவில் முதலாவதற்கு 'டிபார்ச்சர் லெக்' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். நான் கழுத்து வலிக்க இரண்டு பக்கமும் தேடினேன்.

ஓடுதளத்தை நோக்கி நேராக இறங்கி வரும் கடைசிப் பகுதியான 'ஃபைனல்' இன்னும் மோசம். 4 கடல் மைலுக்கு அப்பால் திரும்பினால் 'லாங் ஃபைனல்' என்று விதி தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனாலும் 6 மைல் தள்ளி வருகிறவர் வெறும் 'ஃபைனல்' என்கிறார், அவர் ஓடுதள வாசலுக்கே வந்துவிட்டார் போல என்று நினைத்து, அவருக்குப் பின்னால் சேர நான் டவுன்விண்டை நீட்டிக்கொண்டே போகிறேன், ஃபைனலுக்கு முந்தைய குறுக்குப் பகுதியான பேஸில் திரும்பினால் நேராக அவர் மூக்குக்கு முன்னால்!

1977இல் ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்த பிறகுதான் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை அதற்கான அனுமதியைத் தரும்போதோ ரத்து செய்யும்போதோ மட்டும் சொல்ல வேண்டும் என்று கறாராக்கினார்கள். சர்க்யூட்டுக்கு யார் கறாராக்குவது?

இறங்கியதும் திருச்சிக்காரரான என் பயிற்சியாளரிடம் புலம்பினேன். "சந்தேகம் வந்தா உடனே கேளுப்பா" என்றார். சரி, கேட்கிறேன். ஆனால் 'ஃபைனல், 6 மைல்' என்று கூட இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?