மறுசீரமைத்தால் கடன் தீராது

வங்கி பயிர்க்கடனை மறுசீரமைத்துவிட்டால் அந்தக் கடன் தள்ளுபடியானதாகவே அர்த்தம், இனி கட்ட வேண்டியதில்லை என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியல்ல.

மறுசீரமைத்தால் மாறுவது கட்டும் முறைதான். வெள்ளத்திலோ வறட்சியிலோ பயிர் போனால், குறுகிய காலப் பயிர்க்கடனைச் சில ஆண்டுகளில் தவணையாகக் கட்டும் கடனாக மாற்ற ரிசர்வ் வங்கியின் இயற்கைப் பேரிடர் நிவாரண விதிகள் இடம் தருகின்றன. தொடக்கத்தில் தவணை கட்டாமல் இருக்கச் சிறிது அவகாசமும் கிடைக்கலாம். அசல் அப்படியே நிற்கும். காலம் நீளும்போது மொத்த வட்டி கூடவும் வாய்ப்புண்டு. இதைத் தெரியாமல் ஒருவர் தவணையை நிறுத்திவிட்டால் கணக்கு வாராக்கடனாகிவிடலாம், அடுத்த பருவத்துக்குக் கடன் கிடைப்பதும் கடினமாகிவிடும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தள்ளுபடி வேறு. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவு வங்கிகளில் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்ததே, அதுபோல அரசாணையோடு வரும்.

சரிபார்ப்பது எளிது. வங்கிக் கிளையில் கடன் கணக்கு அறிக்கையும் புதிய தவணை அட்டவணையும் கேளுங்கள். நிலுவை அசல் பூஜ்யமா என்று பாருங்கள். நம் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் சிபில் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் கடன் அறிக்கையிலும் நிலுவைத் தொகை தெரியும்.