டிஸிடியாவை எதைக் கொண்டு அளப்பது?

ஒரு நீண்ட வீடியோ விளையாட்டுத் தொடரிலிருந்து கிளைத்த சண்டை விளையாட்டு வெளிவந்தால், அதைப் பற்றி இரண்டு விதமான தீர்ப்புகள்தாம் பெரும்பாலும் காதில் விழுகின்றன. புகழ்பெற்ற சண்டை விளையாட்டுகளான டெக்கனையும் ஸ்ட்ரீட் ஃபைட்டரையும் பக்கத்தில் வைத்து ஒரு தரப்பினர் குறை காண்கிறார்கள். பிடித்த நாயகர்கள் எல்லாரும் ஒரே களத்தில் இறங்கிவிட்ட மகிழ்ச்சியில் மறு தரப்பினர் எதையும் மன்னித்துவிடுகிறார்கள். தாய்த்தொடரை ஆடும்போது நம் மூளை என்ன கணக்குப் போட்டதோ, அந்தக் கணக்கு சண்டைக்குள்ளும் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஃபைனல் ஃபேண்டஸி தொடரிலிருந்து கிளைத்து, 2008 டிசம்பரில் ஜப்பானில் பிஎஸ்பி என்னும் கையடக்க விளையாட்டுக் கருவிக்கு வெளியான ‘டிஸிடியா ஃபைனல் ஃபேண்டஸி’ அந்தச் சோதனையில் தேறுகிறது என்பது என் கருத்து.

இதில் அடி கொடுத்தவுடன் எதிரியின் உயிர் குறைந்துவிடாது. பிரேவரி தாக்குதல் எதிரியிடமிருந்து ‘பிரேவரி’ என்னும் எண்ணைப் பறித்து உங்கள் கணக்கில் சேர்க்கிறது. ஹெச்பி (உயிரளவு) தாக்குதல் பட்டால்தான், அதுவரை சேர்த்த எண் அவ்வளவும் எதிரியின் உயிரிலிருந்து கழிகிறது, உடனே உங்கள் பிரேவரியும் சுழியத்துக்கு இறங்கிவிடுகிறது. எதிரியின் பிரேவரி சுழியத்துக்கும் கீழே போனால் ‘பிரேக்’. களத்தின் பொதுக் கையிருப்பு அப்படியே உங்களிடம் வந்து சேரும். இப்போதே செலவழிப்பதா, இன்னும் கொஞ்சம் சேர்ப்பதா, சேர்க்கும்போதே எல்லாவற்றையும் பறிகொடுப்பதா என்னும் அந்தத் தவிப்பு, முறைவைத்து ஆடும் பழைய ஃபைனல் ஃபேண்டஸியில் பலமூட்டும் மந்திரங்களை அடுக்கிவிட்டுப் பெரிய அடிக்குக் காத்திருந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். உயிர் ஊசலாடும் நிலையில் இருப்பவரும் எண்ணைச் சேர்த்து ஒரே அடியில் ஆட்டத்தைத் திருப்பிவிட முடிகிறது.

கதாபாத்திரங்களிலும் இதே அக்கறை தெரிகிறது. தொடரின் நான்காம் ஆட்டத்தின் செசில் சண்டைக்கு நடுவிலேயே இருள்வீரனாகவும் பாலடின் என்னும் புனித வீரனாகவும் மாறுகிறான். ஐந்தாம் ஆட்டத்தின் பார்ட்ஸ் பிறருடைய அடிகளைப் போலச் செய்தே சண்டையிடுகிறான். அதே ஆட்டத்தின் வில்லன் எக்ஸ்டெத்தோ தானாக முன்னேறுவதில்லை. எதிரியின் அடியைத் தடுத்து, அதன் பிறகே திருப்பித் தருகிறான். இப்படிப் பொறுமையைக் கோரும் ஒருவனை இத்தகைய வேகமான விளையாட்டில் சேர்த்ததற்கே இயக்குநர் தக்கேஷி அரக்காவாவின் குழுவைப் பாராட்ட வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. கதாபாத்திரங்களின் நிலைகள் நூறு வரை உயர்வதாலும் ஆயுத அணிகலன்கள் பலத்தைக் கூட்டுவதாலும், இருவர் நேருக்கு நேர் மோதும்போது திறமைக்கு முன்பே உழைத்த மணிநேரம் பேசிவிடுகிறது. குறுகிய களங்களில் கேமரா சுவரோடு முட்டிக்கொண்டு எதிரியையே மறைத்துவிடும். காஸ்மாஸ், கேயாஸ் என்னும் இரு தெய்வங்களின் போரைச் சொல்லும் கதையைப் பற்றி அதிகம் பேசாமல் இருப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

2015இல் ஜப்பானிய ஆர்கேடுகளில் தொடங்கி 2018இல் பிளேஸ்டேஷன் 4க்கு வந்த, இதே வரிசையின் ‘டிஸிடியா ஃபைனல் ஃபேண்டஸி என்டி’யை நான் ஏற்காததற்கும் இதே அளவுகோல்தான் காரணம். டீம் நிஞ்ஜா உருவாக்கிய அந்த ஆட்டத்தில் காட்சிகள் மிக அழகு. பிரேவரி முறையும் தொடர்கிறது. ஆனால் மூவருக்கு மூவர் மோதும் களத்தில், நான் ஒருவனுடைய எண்ணைக் கவனமாகப் பறித்துக்கொண்டிருக்கும்போது, பார்வைக்கு வெளியிலிருந்து வேறொருவன் வந்து அடித்துவிடுகிறான். ஒரு கதாபாத்திரத்துக்கு ஒரே ஒரு ஹெச்பி தாக்குதலைத்தான் எடுத்துச்செல்லலாம் என்பதால், எதைக் கொண்டு முடிப்பது என்ற தேர்வும் களத்தில் இல்லாமல் போகிறது. கணக்குப் போட நேரமும் இல்லை, காரணமும் இல்லை.

புதிதாகத் தொடங்க விரும்புகிறவருக்கு நான் 2011இல் வந்த, டிஸிடியாவின் ‘டுவோடெசிம்’ பதிப்பையே சொல்வேன். முதல் ஆட்டத்தின் கதையும் அதற்குள்ளேயே இருக்கிறது, தொடரின் வேறு கதாபாத்திரங்களான டிஃபாவும் கெய்னும் லைட்னிங்கும் சேர்ந்திருக்கிறார்கள், துணைக்கு ஒருவரை அழைக்கும் புதிய வசதியும் பிரேவரிக் கணக்கைக் குலைக்காமல் அதற்கு இன்னொரு படியைச் சேர்க்கிறது.