கட்டிப்போட்ட ஆடு

எங்கள் ஊர் அசனத்துக்கு அப்பா வருஷா வருஷம் ஒரு கிடா கொடுப்பார். பெரியப்பாவும் ஒன்று கொடுப்பார். இரண்டும் ஒரே அண்டாவில்தான் வேகும். ஆனால் அப்பா முதல் பந்தியில் உட்கார்ந்தால் பெரியப்பா மூன்றாவது பந்திக்குத்தான் வருவார். பனங்காட்டு வரப்பில் ஒரு முழம் இடம், அதுதான் தகராறு. பதினோரு வருஷம் பேச்சில்லை. (திருநெல்வேலிப் பக்கம் பழக்கமில்லாதவர்களுக்கு: அசனம் என்பது கிறிஸ்தவக் கோயில் பண்டிகையில் சபையார் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. சோறு, கறிக்குழம்பு, ரசம்.)

மத்தேயு 5:23, 24ஐ அந்த நாட்களில் எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்பேன்! காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு, அப்புறம் வந்து செலுத்து. வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் திக்கென்றது. இயேசு இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். 100 கிலோமீட்டருக்கு மேல், குறைந்தது மூன்று நாள் நடை. ஆட்டோடு அங்கே போய் நிற்கிறவனுக்கு ஊரில் இருக்கிற தம்பியின் முகம் ஞாபகம் வருகிறது என்று வையுங்கள். ஆட்டை அங்கேயே கட்டிப்போட்டுவிட்டு மூன்று நாள் திரும்பி நடக்க வேண்டும், பேசித் தீர்க்க வேண்டும், மறுபடி மூன்று நாள். அதுவரை ஆட்டுக்கு யார் தழை போடுவது? கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

பழைய ஏற்பாட்டில் வெறும் பலிதான், மன்னிப்பு புதிய ஏற்பாட்டில்தான் வந்தது என்று சிலர் அடித்துவிடுவார்கள். லேவியராகமம் 6ஐ அவர்கள் படிப்பதில்லை போல. அபகரித்ததைத் திருப்பிக் கொடு, கூடவே ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடு, ஆட்டுக்கடா அதற்கு அப்புறம்தான். "பலியை அல்ல இரக்கத்தையும்" என்றவர் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஓசியா. கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை அழித்த பிறகு, இனிப் பாவநிவாரணத்துக்கு எங்கே போவது என்று அழுத சீடனை ரபி யோகனான் பென் சக்காய் இதே ஓசியா வசனத்தைச் சொல்லித்தான் தேற்றினார் என்கிறது யூத மரபு.

சரி, நம் கதைக்கு வருவோம். இயேசு தம்மையே ஒரே தரம் பலியாகச் செலுத்தியாயிற்று என்கிறது புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம். அதைக் கேட்டு நாம் நிம்மதியாகிவிட்டோம். எனக்கென்னவோ ஆடுதான் மலிவு என்று தோன்றுகிறது. சந்தையில் காசு கொடுத்தால் கிடைக்கும். பெரியப்பா வீட்டுப் படி ஏற எதைக் கொடுப்பது?

தென்னிந்தியத் திருச்சபை 1950இல் வகுத்த திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை) முறையில் சமாதானம் கொடுப்பது உண்டு. ஒருவர் கையை ஒருவர் இரு கைகளுக்குள் வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அப்பா எனக்குக் கொடுப்பார், நான் சித்தப்பாவுக்குக் கொடுப்பேன். பெரியப்பா நாலு வரிசை தள்ளி, அவர் மகனுக்குக் கொடுப்பார். பலி போன இடத்தில் நாம் இன்னொரு சடங்கை உட்கார வைத்துவிட்டோம்.

இது எங்கள் வீட்டு வியாதி மட்டுமில்லை. ஆதிச் சபை நாட்களிலேயே கொரிந்து பட்டணத்தில் சபை விருந்தில் வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்று அந்தச் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதினார். வடக்கன்குளத்தில் ஆலயத்துக்குள்ளேயே சாதி பிரித்த சுவர் 1910இல்தான் இடிந்தது. கல்லறைத் தோட்டத்துச் சுவர் இன்னும் நிற்கிற ஊர்கள் இருக்கின்றன, அங்கேயும் ஞாயிறு தவறாமல் திருவிருந்து நடக்கிறது.

அப்பா பெரியப்பாவைப் பார்க்கப் போனது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அசனத்துக்கு முந்தின நாள். கிடா எங்கள் முற்றத்து வேம்பில் கட்டியிருந்தது. பெரியப்பா வீடு நாலே வீடு தள்ளி. நானும் பின்னாலேயே போனேன். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆடு எங்கலே?"

"வீட்ல நிக்கி."

"தழை போட்டியா?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பா எழுந்து கொல்லைக்குப் போய் ஒரு கட்டு அகத்தியை ஒடித்துக்கொண்டு எங்களோடு நடந்தார். வரப்பைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. இன்றுவரை அதை அளக்கவும் இல்லை.