மலை ஏறச் சின்னக் கியர் வேண்டும்

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி நேற்றிரவு கேட்டிருந்தார். பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறார். சீட்டுப் பணம் கைக்கு வரப்போகிறது. அதில் ஷிமானோ கம்பனியின் இலத்திரனியல் கியர், அதாவது பற்றரியில் ஓடும் கியர் போடலாமா என்பது அவருடைய கேள்வி. உட்பெட்டியில் பதில் எழுதத் தொடங்கினேன், நீண்டுவிட்டது. இதே யோசனையில் இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

இப்போதைக்கு வேண்டாம், தம்பி.

உங்கள் சைக்கிளில் பெடலோடு சுற்றும் முன் சக்கரங்கள் இரண்டிலும் 52, 36 பல். பின் சக்கரத்துப் பற்சக்கரங்களில் 11 முதல் 28 வரை. ஆகச் சின்னக் கியரில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய 2.7 மீற்றர் நகரும். இந்தத் தூரம் குறையக் குறைய ஏறுவது இலேசாகும். அதை வைத்துக்கொண்டுதான் ரதல்ல குறுக்கு வழியில் முழங்கால் நோக மிதிக்கிறீர்கள். அதே பற்களோடு இலத்திரனியல் கியர் போட்டாலும் 2.7 மீற்றர்தான். பொத்தானைத் தொட்டதும் சின்ன மோட்டார் ஒன்று செயினைத் தள்ளும், அவ்வளவுதான். உங்கள் கால் சுமக்கிற பாரம் குறையாது. முன்னால் 34, பின்னால் 34 என்று மாற்றினால் அது 2.1 மீற்றராகிவிடும். நம் ஊர்க் கடைகளில் தொங்கும் சாதாரண மலைச் சைக்கிளில் முன்னால் 24, பின்னால் 28 இருந்தால் 1.8 மீற்றர்தான். மூச்சு வாங்காமல் ஏறுகிறவர் அந்தச் சைக்கிள்காரராகத்தான் இருப்பார்.

இது எனக்குப் புரிந்தது தாத்தாவின் ராலே சைக்கிளில். தோட்டத்து ஆபீசுக்கும் டவுன் தபாற்கந்தோருக்கும் இடையே தபால் பை சுமந்தவர் அவர். தன் ஊருக்குத் திரும்பிய ஒரு சின்னத்துரை, அதாவது தோட்டத்து உதவி மனேஜர், விட்டுப்போன சைக்கிள் அது. பின் சக்கரத்தின் நடு உருளையான ஹப்பில் ஸ்டர்மி ஆர்ச்சர், ஏடபிள்யூ என்று பொறித்து, பக்கத்தில் 57 என்று வருடமும் இருக்கும். ஸ்டர்மி ஆர்ச்சர் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 1902இல் பிறந்த கம்பனி, ஏடபிள்யூ 1936இல் வந்த மாடல். உள்ளே அச்சோடு அசையாமல் நிற்கும் ஒரு பற்சக்கரம், அதைச் சுற்றி ஓடும் நான்கு குட்டிப் பற்சக்கரங்கள், அவற்றை வளைத்தபடி ஒரு பல்வளையம். மூன்று கியரும் அந்த உருளைக்குள் அடக்கம். மழையோ சேறோ உள்ளே போகாது. மூடியைத் தூக்கிச் சில சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

அதன் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டிலும் மூன்றிலும் மிதிக்கும்போது டிக் டிக் என்று அடிக்கும். முதல் கியருக்குப் போனால் சத்தம் நின்றுவிடும். கேரியரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும், சத்தம் நின்றதும் ஏற்றம் தொடங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். தாத்தாவின் முதுகு வியர்த்து, சட்டை ஈரமாகும். மேலே போய்ச் சேர்ந்ததும் மறுபடி டிக் டிக்.

ஆனாலும் அந்த முதல் கியர் சக்கரத்தின் வேகத்தை முக்கால் பங்காகத்தான் குறைக்கும். முன்னால் 48, பின்னால் 18 பல்லோடு அது 4.4 மீற்றர், மலைக்குக் கொடுமை. பின் பற்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பி வளையத்தைத் திருப்புளியால் நெம்பியெடுத்துப் பின்னால் 22 பல் போட்ட பிறகு 3.6 ஆயிற்று. அதற்கே தாத்தா அவ்வளவு சந்தோஷப்பட்டார். செங்குத்தான இடங்களில் அப்போதும் இறங்கித் தள்ளத்தான் செய்தார்.

இலத்திரனியல் கியரை நான் குறைத்துப் பேசவில்லை. மலையகத்து மழைக்குச் சாதாரண கியரை இழுக்கும் கேபிள் துருப்பிடிக்கும், இறுகும், ஒருநாள் அறுந்துபோகும். அறுந்தால் அந்தப் பழைய ஹப்பும் சரி, இன்றைய பெரும்பாலான பின் கியர்களும் சரி, மிகக் கடினமான கியரில் போய் நின்றுவிடும். நடு ஏற்றத்தில் அதை அனுபவித்தவருக்குத்தான் வலி தெரியும். ஷிமானோவின் இலத்திரனியல் கியரான டிஐ2 2009இல் வந்தது, ஸ்ராம் என்ற இன்னொரு கம்பனி 2015இல் கம்பியே இல்லாத ஈடாப் கியரைக் கொண்டுவந்தது. இரண்டிலும் துருப்பிடிக்கக் கியர் கேபிள் கிடையாது. டிஐ2இல் பற்றரி இறங்கும்போது முன் கியர் முதலில் நிற்கும், பின் கியர் இன்னும் கொஞ்ச தூரம் வேலை செய்யும். நல்ல யோசனை. ஆனால் பாகம் ஒன்று பழுதானால் ஹட்டனிலோ நானுஓயாவிலோ யாரிடம் கொண்டுபோவது? கேபிள் என்றால் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும், பதினைந்து நிமிடத்தில் நாமே மாற்றிக்கொள்ளலாம். 2021இல் ஷிமானோ தன் உயர்ரக ரேஸ் கியர்களான டியூரா ஏஸ், அல்டெக்ரா இரண்டையும் பின்னால் 12 பற்சக்கரம் கொண்ட புதிய வடிவில் இலத்திரனியலாக மட்டுமே விட்டது. கேபிள் வேண்டும் என்பவருக்கு அந்த இரண்டிலும் கதவை அடைத்ததை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே தம்பி, முதலில் பின்னால் 34 பல். செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் இப்போதுள்ள பின் டிரெய்லியர் அவ்வளவு பெரிய பற்சக்கரத்தைத் தாங்காவிட்டால் கை நீண்டது ஒன்று வாங்க வேண்டிவரும். முன்னால் 34, புதுச் செயின், புதுக் கேபிள். மிச்சப் பணத்தில் நல்ல பிரேக் கட்டை போடுங்கள். ஏறுகிறவர் இறங்கவும் வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து மாற்றுவோம். தாத்தாவின் அந்தச் சக்கரமும் வீட்டில்தான் இருக்கிறது. சுற்றிவிட்டால் இன்னும் டிக் டிக் என்றுதான் ஓடுகிறது.